சாவைப் பாடும் கவிதையை எப்படிப் படிப்பது? கையறுநிலைப் பாடல்கள் வழியாக ஓர் எளிய விளக்கம்

இரங்கற்பா ஒன்றைக் கையில் கொடுத்து, ‘இதன் மையக்கருத்து என்ன?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘இறப்பு’ என்று ஒரே சொல்லில் பதில் வரும். ‘இது சொல்லும் நீதி என்ன?’ என்று கேட்டால், ‘வாழ்க்கை நிலையில்லாதது’ என்பார்கள். இரண்டையும் தவறென்று அடித்துவிட முடியாது. ஆனால் எந்த இரங்கற்பாவுக்கும், பாடலைப் படிக்காமலேயே, இந்த இரண்டு விடைகளையும் எழுதிவிடலாம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக இழந்து, ஒவ்வொரு விதமாக அழுதிருக்கிறார்கள். அத்தனையையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் பாடியவர் சொன்னதை நாம் கேட்கவே இல்லை என்றாகிவிடும்.

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். பாடல் எதைப் பற்றியது என்பது பாடுபொருள். ‘தந்தை இறந்துபோனார்’ என்பது பாடுபொருள். அதைப் பற்றிப் பாடல் என்ன சொல்ல வருகிறது என்பது மையக்கருத்து. இதை ஒரு சொல்லில் சொல்ல வராது, முழு வாக்கியம் வேண்டும். ‘தந்தை போனதோடு, தங்கள் மலை, தங்கள் ஊர் என்று சொல்லும் உரிமையும் போயிற்று’ என்பது மையக்கருத்து. படிப்பினை மூன்றாவது. அது படிக்கிற நமக்குக் கிடைப்பது. சில பாடல்கள் அதை வாய்விட்டுச் சொல்லும், பல பாடல்கள் சொல்லாது. சொல்லாத பாடலில் படிப்பினையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதற்காகத் திருக்குறளிலிருந்து ஒன்றை எடுத்து வலிய ஒட்டவைக்கவும் வேண்டாம்.

இதைப் பழகிக்கொள்ளத் தமிழில் புறநானூற்றைவிட நல்ல இடம் இல்லை. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைமையுள்ள 400 பாடல்களின் தொகுப்பு அது, உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சில் கொண்டுவந்தார். ஒவ்வொரு பாடலின் அடியிலும் பெரும்பாலும் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: திணை (பாடலின் பெரும் பிரிவு), துறை (அதற்குள் வரும் குறிப்பிட்ட சூழல்), பாடியவர், பாடப்பட்டவர். புதிதாகப் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். ‘துறை: கையறுநிலை’ என்று இருந்தால், இறந்த ஒருவருக்காக ஒருவர் பாடிய பாட்டு அது என்று பொருள். தொல்காப்பியம் புறத்திணையியலில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: ‘கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலையும்’. கழிந்தோர் என்றால் போய்விட்டவர்கள், ஒழிந்தோர் என்றால் பின்னே எஞ்சி நிற்பவர்கள். புலம்புவது எஞ்சி நிற்பவர்கள். ஆக, இரங்கற்பாவில் இறந்தவரைப் பற்றி எவ்வளவு பேச்சு இருந்தாலும், நாம் கவனிக்க வேண்டியது இருப்பவரைத்தான். அவருக்கு என்ன ஆயிற்று? அவரிடமிருந்து எது பிடுங்கப்பட்டது? மையக்கருத்துக்குப் போகும் வழி அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாவைப் பேசும் கவிதை எல்லாமே இரங்கற்பா ஆகிவிடாது. ‘நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு’ என்ற குறளில் (336) ஒருவன் சாகிறான். யார் அவன்? பெயர் இல்லை, ஊர் இல்லை, அழுபவர் இல்லை. அது நிலையாமையைச் சொல்ல வந்த குறள். புறநானூற்றிலேயே பக்குடுக்கை நன்கணியார் பாடிய 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. ‘இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே’ என்று முடிகிறது. உலகம் கொடியதுதான், அதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைத் தேடிக் காணுங்கள் என்று நேராகவே அறிவுரை சொல்லிவிடுகிறார். இதன் துறை பெருங்காஞ்சி, அதாவது நிலையாமையை எடுத்துச் சொல்லும் துறை. இந்த மாதிரிப் பாடல்கள் சாவைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கின்றன. கையறுநிலையில் அப்படித் தள்ளி நிற்க இடமில்லை. செத்தவருக்குப் பெயர் உண்டு, அழுபவருக்கும் முகம் உண்டு. அறிவுரைப் பாட்டைப் படிப்பதுபோல் இரங்கற்பாவைப் படித்தால் எல்லாம் ‘நிலையாமை’யில் போய் முடிந்துவிடும்.

சரி, ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 112ஆம் பாடல், பாரியின் மகளிர் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பறம்பு மலையின் தலைவன் பாரி. அவனுடைய நாடு முந்நூறு ஊர்களைக் கொண்டது என்று கபிலர் பாடியிருக்கிறார். மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டு, கடைசியில் பாரி மாண்டான். மகளிர் இருவரும் மலையை விட்டு வெளியேறினார்கள். பாட்டின் பொருள் இவ்வளவுதான்: அன்றைய மாதத்து வெண்ணிலவில் எங்கள் தந்தை எங்களோடு இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய மாதத்து வெண்ணிலவில் முரசறையும் வேந்தர்கள் எங்கள் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை.

இந்த ஐந்து அடியில் அழுகை என்ற சொல் இல்லை. கண்ணீர் இல்லை, நெஞ்சு இல்லை, ஐயோ இல்லை. இருந்தும் படித்து முடிக்கும்போது தொண்டை அடைக்கிறது. எப்படி? வரிசையைப் பாருங்கள். முதல் நிலவில் தந்தை முதலில் வருகிறார், குன்று பின்னால் வருகிறது. இரண்டாம் நிலவில் குன்று முதலில் போகிறது, தந்தை கடைசியில் வருகிறார். சேதியின் போக்கில் மலை போனதைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசிச் சீர்களில் ‘எந்தையும் இலமே’ என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. நிலவு மட்டும் இரண்டு பக்கமும் அதே ‘வெண்ணிலவு’. ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்ற அடைமொழியையும் விட்டுவிடக் கூடாது. வெற்றி முரசு அறையும் வேந்தர்களாம். ஒருவனை மூவர் சூழ்ந்து நின்ற போருக்கு இந்தப் பெருமை. இதை இகழ்ச்சியாகப் படிப்பது உரைகளில் உள்ள வழக்கம்தான். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

இப்போது மையக்கருத்தை எழுதிப் பார்ப்போம்: உலகம் துளியும் மாறாமல் அப்படியே இருக்கும்போது, ஒரு வீட்டின் எல்லாமே ஒரு மாதத்துக்குள் இல்லாமல் போய்விடலாம். படிப்பினை? பாடல் ஒன்றும் சொல்லவில்லை. ‘போர் கொடியது’ என்று எழுதலாம், அந்த வேந்தர் வரியைச் சான்றாகக் காட்டலாம், ஏற்கத்தக்கதுதான். ‘பெற்றோரை மதிக்க வேண்டும்’ என்று எழுதினால்? நல்ல கருத்து, ஆனால் பாட்டில் அதற்கு இடம் இல்லை. ஒரு படிப்பினையைச் சொன்னால் பாட்டில் ஓர் அடியையாவது விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது நம் சொந்தக் கருத்து.

அடுத்தது இன்னும் நுட்பமானது. 242, குடவாயில் கீரத்தனார் பாடியது. இறந்தவன் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன்.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேல் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

இளைஞர்கள் சூட மாட்டார்கள், வளையணிந்த பெண்கள் கொய்ய மாட்டார்கள், யாழின் கொம்பால் மெல்ல வளைத்துப் பாணனும் எடுத்துச் சூட மாட்டான், பாடினியும் அணிய மாட்டாள். சாத்தன் செத்த பிறகு, முல்லையே, ஒல்லையூரில் நீயும் பூக்கிறாயா? புலவர் கேட்பது ஒரு கொடியிடம். இறந்தவனைப் பற்றி இருப்பது இரண்டே அடி. மற்றதெல்லாம் ஊரார் செய்யாமல் விட்ட வேலைகள். யாழ்க் கொம்பால் கொடியை ‘மெல்ல’ வளைக்கும் அந்தச் சிறு அசைவை நின்று பாருங்கள். நடக்காத ஒரு செயலை இத்தனை நுணுக்கமாகக் காட்டுவதால்தான், அது முன்பு தினமும் நடந்தது என்று நமக்குத் தெரிகிறது. துக்கம் என்பது வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருப்பது. ஊரே அப்படிச் செய்யாமல் இருக்கும்போது இயற்கை மட்டும் தன் வேலையைப் பார்க்கிறது. மையக்கருத்து இங்கே இருக்கிறது. ‘முல்லைக்கு இரக்கம் இல்லை’ என்று அதன்மேல் குற்றம் சுமத்தும் விடை எனக்கு ஒப்பவில்லை. பூப்பதைத் தவிர முல்லைக்கு வேறு தெரியாது என்பது புலவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறார். கேட்க வேறு ஆள் இல்லாததால் கேட்கிறார்.

இதுவரை பார்த்த இரண்டும் நீதி சொல்லாதவை. நீதியை வெளிப்படையாகச் சொல்லும் ஒன்றைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய 235ஆம் பாட்டு அது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நெல்லிக்கனி. ஆனால் இந்த இரங்கல் பாட்டில் நெல்லிக்கனி வருவதே இல்லை! ஔவைக்கு நினைவு வருவது வேறு.

சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே
பெரியகட் பெறினே
யாம்பாடத் தான்மகிழ்ந் துண்ணும் மன்னே

கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் எங்களுக்கும் கொடுத்து, நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமாக இருந்தாலும் பல கலத்தில் பகிர்வான், நிறைய இருந்தாலும் பல கலத்தில் பகிர்வான். எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் அவனுக்கு. அப்புறம் இந்த வரி: நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான்.

அரசனின் கை மணக்கிறது, புலவரின் தலை நாறுகிறது. அவன் கை தயங்கவில்லை. அரசனுக்கும் இரவலருக்கும் நடுவே இருந்த தூரம் அந்தத் தொடுதலில் இல்லாமல் போனது என்று விளக்கம் எழுதலாம். ஔவையார் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, இரண்டு மணங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஒவ்வொரு நினைவும் ‘மன்னே’ என்று முடிகிறது. மொத்தம் ஏழு முறை. ‘அதெல்லாம் போயிற்றே’ என்று ஒவ்வொரு முறையும் சொல்கிற அசை அது. ஒப்பாரியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து விழுவதைக் கேட்டவர்களுக்கு இதன் வேகம் புரியும்.

அதற்குப் பிறகு பாட்டு திடீரென்று மாறுகிறது. அதியமான் மார்பில் பாய்ந்த வேல் அவனோடு நின்றுவிடவில்லையாம். பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர்களின் கைகளுக்குள்ளும் புகுந்து, அவனை நம்பியிருந்த சுற்றத்தாரின் கண்மணி ஒளி மழுங்கும்படி செய்து, கடைசியில் புலவர்களின் நாவில் போய் விழுந்ததாம். ஒரு சாவு எத்தனை பேரைக் குத்துகிறது என்பதை இதைவிட நேராக எவரும் சொல்லி நான் படித்ததில்லை. வேல் பயணிக்கும் வழியே அவன் வாழ்க்கையின் கணக்கு: அவனால் யார் யார் சாப்பிட்டார்களோ அவர்கள் வழியாகவெல்லாம் வேல் போகிறது.

இத்தனையும் சொன்ன பிறகுதான் நீதி வருகிறது.

பனித்துறைப் பகன்றை நறைக்கொள் மாமலர்
சூடாது வைகியாங்குப் பிறர்க்கு ஒன்று
ஈயாது வீயும் உயிர்தவப் பலவே

நீர்த்துறையில் பூத்த தேன் நிறைந்த பகன்றை மலர் யாரும் சூடாமல் கழிந்துபோவதுபோல், பிறருக்கு ஒன்றும் கொடுக்காமல் மாயும் உயிர்கள் மிகப் பல. படிப்பினை ‘கொடுத்து வாழ்’ என்பது. சரிதான். ஆனால் உவமையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நீதி இன்னும் கூர்மையாகும். கருமிகளைத் திட்ட வேண்டும் என்றால் நச்சுக்காயையோ முள்மரத்தையோ சொல்லியிருக்கலாம். ஔவையார் சொன்னது தேனுள்ள பூவை. கொடாமல் செத்தவர்களிடமும் கொடுப்பதற்கு ஏதோ இருந்தது, அது யாருக்கும் போய்ச் சேராமல் வீணானது என்கிறார். திட்டுவதைவிட இதில் இரக்கம் அதிகம். ‘ஈகையே அறம்’ என்று ஒற்றை வரியில் எழுதி முடிக்கிறவர்கள் இந்த இரக்கத்தைத் தவறவிடுகிறார்கள். அதோடு, கடைசி மூன்று அடியை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் அது ஒரு பொன்மொழி, அவ்வளவுதான். மேலே இருக்கும் கள்ளும், சோறும், கறியும், தலையைத் தடவிய கையும்தான் அதற்கு உயிர் கொடுக்கின்றன. நீதி வெளிப்படையாக இருக்கும் பாட்டிலும், அந்த நீதிக்கு எது பலம் தருகிறது என்று பாட்டுக்குள் தேட வேண்டும்.

இனி வருவது கடினமான இடம். நீதி எடுக்கவே தயங்க வைக்கும் பாடல்கள். 245ஆம் பாட்டைப் பாடியது ஒரு சேர அரசன். இன்று நமக்குத் தெரியும் அவன் பெயர் ‘கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை’. கோட்டம்பலம் என்ற இடத்தில் இறந்தவன் என்று அவனுடைய சாவும் பெயரோடு சேர்ந்துவிட்டது. பாடியது மனைவி இறந்தபோது. இப்படித் தொடங்குகிறது:

யாங்குப் பெரிது ஆயினும் நோய்அளவு எனைத்தே
உயிர்செகுக் கல்லா மதுகைத் தன்மையின்

என் துன்பம் எவ்வளவு பெரிதாக இருந்தால்தான் என்ன, என் உயிரை எடுக்கும் வலு அதற்கு இல்லையே. பிறகு கள்ளி வளர்ந்த களர்நிலத்துச் சுடுகாடு, வெட்டவெளியில் மூட்டிய சிதை. தீயைப் படுக்கையாக்கி அதில் அவளைக் கிடத்தியாயிற்று. முடிவு:

ஞாங்கர் மாய்ந்தனள் மடந்தை
இன்னும் வாழ்வல் என்இதன் பண்பே

அவள் போய்விட்டாள், நான் இன்னும் வாழ்கிறேன், இது என்ன இயல்பு?

மனைவியின் அழகு, குணம், காதல் எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. பாட்டு முழுக்க ஒரே வியப்பு: இவ்வளவு வலித்தும் நான் ஏன் சாகவில்லை? உயிருக்கு உயிரான ஒருவரை இழந்தவர்கள் மறுநாள் பசிக்கும்போது, தூக்கம் வரும்போது, தங்கள்மேலேயே ஒரு வெட்கம் கொள்வார்கள். அந்த வெட்கம்தான் இந்தப் பாட்டு. மையக்கருத்தை இப்படி எழுதலாம்: துக்கத்தின் கொடுமை அது நம்மைக் கொல்வதில் இல்லை, கொல்லாமல் விட்டுவிடுவதில் இருக்கிறது. இதிலிருந்து என்ன நீதி எடுப்பது? எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை, எடுக்கவும் கூடாது. கேள்வியாக முடிந்த பாட்டுக்கு நாம் விடை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு வெட்கம் மனிதருக்கு வருவது இயல்பு, 2000 ஆண்டுக்கு முன்னும் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது போதும். துக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு அறிவுரையைவிட அது பெரிய ஆறுதல்.

நூலில் இதற்கு அடுத்ததாக இருப்பது 246. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. அவர் தீயில் இறங்கப் போகிறார். சான்றோர்கள் தடுக்கிறார்கள். தடுத்தவர்களைப் பார்த்து அவர் பேசுகிறார்: ‘பல்சான் றீரே பல்சான் றீரே’ என்று அழைத்து, போ என்று சொல்லாமல் வேண்டாம் என்று விலக்கும் உங்கள் சூழ்ச்சி பொல்லாதது என்கிறார். முடிவில், என் கணவன் மாய்ந்த பின் தாமரைப் பொய்கையும் தீயும் எனக்கு ஒன்றே என்கிறார்.

இந்தப் பாட்டுக்குப் ‘பத்தினித் தன்மையின் சிறப்பு’ என்று மையக்கருத்து எழுதும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. பாட்டின் நடுப்பகுதியே அதை ஏற்கவிடாது. உயிரோடு இருந்தால் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று தேவி விவரமாகச் சொல்கிறார். வெள்ளரி விதைபோல் வெளிறிய, நெய் படாத, கையால் பிழிந்து இலையில் இட்ட சோறு. அதோடு எள் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. பாய்கூட இல்லாமல் பருக்கைக் கற்கள்மேல் படுக்கை. அந்தக் கைம்பெண்களில் ஒருத்தியாக நான் இருக்க மாட்டேன் என்கிறார். ஓர் அரசி, சாவதற்கு முன் பேசும் பேச்சில், சோற்றின் நிறத்தையும் படுக்கையின் கல்லையும் எண்ணிச் சொல்கிறார் என்றால் அது வெறும் காதல் பாட்டாக இருக்க முடியாது. கணவனை இழந்த பெண்ணுக்கு அந்தச் சமூகம் வைத்திருந்த வாழ்க்கையைப் பற்றிய குற்றச்சாட்டு அது. அவர் தீயைத் தேர்ந்ததில் அன்பு இருந்திருக்கலாம். ஆனால் மறுபக்கம் வேறு என்ன கொடுத்தார்கள் என்று பாட்டே கேட்கிறது.

இங்கே ஒரு பொது விதி இருக்கிறது. பாட்டில் ஒருவர் செய்வது வேறு, பாட்டு நமக்குத் தரும் படிப்பினை வேறு. பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கினார் என்பதற்காக அது நமக்குச் சொல்லப்பட்ட அறமாகிவிடாது. அவர் சொன்ன காரணங்களைக் கேட்டு, அந்தக் காரணங்கள் எந்தப் பெண்ணுக்கும் இருக்கக் கூடாது என்று புரிந்துகொள்வதே இன்றைய வாசகர் எடுக்கத்தக்க பாடம்.

இதற்கு வலு சேர்ப்பதுபோல் இரண்டு பாட்டு தள்ளி 248 இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தனார் பாடியது.

அளிய தாமே சிறுவெள் ளாம்பல்
இளையம் ஆகத் தழையா யினவே இனியே
பெருவளக் கொழுநன் மாய்ந்தெனப் பொழுதுமறுத்து
இன்னா வைகல் உண்ணும்
அல்லிப் படூஉம் புல்லா யினவே

இந்தச் சின்ன வெள்ளாம்பல் இரங்கத்தக்கது. நாங்கள் இளமையாக இருந்தபோது உடுத்தும் தழை ஆயிற்று. இப்போது கணவன் இறந்துபோக, உரிய வேளையைத் தவிர்த்து, துன்ப நாள்களில் உண்ணும் அல்லியரிசி ஆயிற்று. ஒரே செடி. அன்று இடுப்பில் உடையாக இருந்தது, இன்று வயிற்றுக்குப் புல்லரிசியாக வருகிறது. ‘நான் பாவம்’ என்று சொல்லாமல் ‘ஆம்பல் பாவம்’ என்று அந்தப் பெண் சொல்வதில் இருக்கும் தன்மானத்தைக் கவனியுங்கள்.

மூன்று பாட்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது இது. மனைவியை இழந்த ஆண், தான் வாழ்வதைப் பார்த்து வியக்கிறான். அவனுடைய சோற்றையோ படுக்கையையோ யாரும் மாற்றியதாகப் பாட்டில் இல்லை. கணவனை இழந்த பெண்களுக்குத் துக்கம் மனத்தில் மட்டும் இல்லை, தட்டிலும் பாயிலும் இருக்கிறது. தொகுத்தவர்கள் எதை எண்ணி இவற்றை அருகருகே வைத்தார்கள் என்பது வேறு விஷயம். அருகருகே இருப்பதால் நாம் ஒப்பிட முடிகிறது. தனித்தனியாகப் படித்தால் மூன்றும் சோகப் பாடல்கள். சேர்த்துப் படித்தால் ஒரே சாவு ஆணையும் பெண்ணையும் எவ்வளவு வேறு வேறாகத் தாக்கியது என்று காட்டும் சான்றுகள். படிப்பினை சில நேரம் ஒரு பாட்டுக்குள் கிடைக்காது, இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் கிடைக்கும்.

தேர்வுக்கோ கட்டுரைக்கோ எழுதுகிறவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. முதலில் உரையைத் திறக்காதீர்கள். அடிக்குறிப்பில் யார் யாருக்காகப் பாடினார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, பேசுபவர் யாரை நோக்கிப் பேசுகிறார் என்று தேடுங்கள். பாரி மகளிர் யாரையும் நோக்கவில்லை, கீரத்தனார் முல்லையை நோக்கினார், பெருங்கோப்பெண்டு சான்றோரை நோக்கினார். இது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து, பாட்டில் வரும் பொருள்களை மட்டும் பட்டியல் போடுங்கள்: நிலவு, கள், நரந்தம், ஆம்பல். உணர்ச்சிச் சொற்களைவிட இவைதான் கருத்தைத் தாங்கி நிற்கும். மையக்கருத்தை ஒரு முழு வாக்கியமாக எழுதிய பிறகு, அதே வாக்கியம் வேறொரு இரங்கற்பாவுக்கும் பொருந்துகிறதா என்று சோதியுங்கள். பொருந்தினால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். உரையைக் கடைசியில் பாருங்கள், சொற்பொருள் தவறாகப் புரிந்திருந்தால் அப்போது திருத்திக்கொள்ளலாம்.

பழக ஒரு பாட்டைத் தருகிறேன். இதுவும் அதியமானுக்காக ஔவையார் பாடியதுதான், 232. காலையும் மாலையும் இனி இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் வேண்டாம் என்று தொடங்குகிறது. அவனுக்கு நடுகல் நட்டாயிற்று. அதற்கு மயிற்பீலி சூட்டி, சிறிய கலத்தில் வடித்த கள்ளைப் படைக்கிறார்கள். அதைப் பார்த்து ஔவையார் கேட்கிறார்: உயர்ந்த மலைகள் சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானோ? 235இல் வந்த ‘சிறியகள்’ளையும் இந்தச் ‘சிறுகல’த்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கே கொடுத்தவன் யார், இங்கே கொடுப்பவர் யார்? சடங்கைப் பற்றி ஔவையார் என்ன நினைக்கிறார்? மையக்கருத்தை ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள், ‘இறப்பு’, ‘நிலையாமை’ என்ற இரண்டு சொற்களும் அதில் வராமல்.